பூத்தொடுக்கும் விரல்களும் தண்டுவடக் கட்டியும்: பினாங்கில் ஒரு நிகழ்வு ஆய்வு

பினாங்கு ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியா பகுதியில் பூக்கடை வைத்திருக்கும் 47 வயதுப் பெண்மணி ஒருவர், இரு கை விரல்களும் மரத்துப்போவதாகவும் நடக்கும்போது கால்கள் விறைத்துக்கொள்வதாகவும் கூறி எங்கள் நரம்பு அறுவைப் பிரிவுக்கு வந்தார். முதல் அறிகுறி தோன்றி அப்போது 14 மாதங்கள் ஆகியிருந்தன. கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் உள்ளே வளர்ந்திருந்த எபென்டிமோமா என்னும் கட்டி பின்னர் முழுமையாக அகற்றப்பட்டது. இன்று அவர் யாருடைய துணையும் இன்றி நடக்கிறார். மருத்துவப் பதிவேட்டைப் புரட்டினால் இது நல்ல முடிவு என்றே இருக்கும். அவருடைய கைத்தொழிலில் பாதி அந்த அறுவையோடு போயிற்று என்பதையும், அந்த இழப்பை அளப்பதற்கு நாங்கள் முன்கூட்டியே எந்த ஏற்பாடும் செய்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த ஆய்வு நேர்மையானதாக இருக்கும். அவருடைய சம்மதத்துடன், அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கி, இதை எழுதுகிறேன்.

நோயின் வரலாறு

தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களில் மாலைகளுக்கான முன்பதிவு குவியும். அப்படியொரு காலத்தில்தான் இடது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நூலைச் சரியாகப் பற்றவில்லை என்பதை அவர் முதலில் கவனித்தார். வேலை மிகுதியால் வந்த அசதி என்று விட்டுவிட்டார். இரண்டு மாதங்களில் மரத்தல் எல்லா விரல்களுக்கும் பரவியது. அடுத்து வலது கையும் அதே வழியில் சென்றது. ஒன்பது ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு இருந்ததால், அவர் முதலில் சென்ற கிளினிக்கில் இது சர்க்கரையால் வந்த நரம்புத் தளர்ச்சி என்று கூறப்பட்டு, வைட்டமின் மாத்திரைகள் தரப்பட்டன. பிறகு மணிக்கட்டு நரம்பு அழுத்தம், அதாவது கார்பல் டன்னல் கோளாறு, என்ற முடிவுக்கு வந்து இரவில் அணிய மணிக்கட்டுப் பட்டை கொடுத்தார்கள். நரம்பு மின்னோட்டப் பரிசோதனையில் மணிக்கட்டில் இலேசான தாமதம் தெரிந்ததும் அந்த முடிவு உறுதியானதாகவே எண்ணப்பட்டது. அந்த அறிக்கையில் பிழை ஏதும் இல்லை. நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளிடம் இத்தகைய தாமதம் அடிக்கடி தென்படும். இவருடைய தொல்லைக்கு அது காரணமாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

கார்பல் டன்னலில் அழுத்தப்படும் நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்வு தருவது. சுண்டுவிரல் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. இவருக்கோ மரத்தல் சுண்டுவிரலில்தான் தொடங்கியது. இந்த ஒரு செய்தியை யாரேனும் நிறுத்தி நிதானமாகக் கேட்டிருந்தால் பத்து மாதங்கள் மிஞ்சியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இதற்கிடையே இரவில் படுத்தால் பின்கழுத்தில் வலி எடுத்தது. எழுந்து உட்கார்ந்தால் குறைந்தது. உறவினர் ஒருவரின் சொல்படி எண்ணெய் தேய்த்துக் கழுத்தை உருவிவிட்டுக்கொண்டார். ஒருநாள் தோசைக்கல்லின் விளிம்பு இடது முன்கையில் பட்டுக் கொப்புளம் எழுந்ததை, சுட்ட வேளையில் உணராமல், மகள் காட்டிய பிறகே கண்டார். அவர் எங்களிடம் வந்தபோது கால் விறைப்பும், சிறுநீர் வந்தால் அடக்க முடியாத அவசரமும் சேர்ந்திருந்தன.

தமிழ் பேசும் நோயாளிகளிடம் நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நடக்கும்போது செருப்பு கழன்று போகிறதா, அப்படிக் கழல்வது உங்களுக்குத் தெரிகிறதா?" கழல்வது தெரிந்தும் பிடிக்க முடியவில்லை என்றால் தசை வலுவிழந்திருக்கிறது என்று கொள்ளலாம், கழன்றதே தெரியவில்லை என்றால் உணர்வு கெட்டிருக்கிறது. "தெரிகிறது டாக்டர், ஆனால் கால்விரல் மடங்க மாட்டேன் என்கிறது" என்றார் அவர். விலையுயர்ந்த எந்தக் கருவியும் தேவைப்படாத இந்தக் கேள்வியே கோளாறு மணிக்கட்டில் இருக்க முடியாது என்பதை எங்களுக்குச் சொல்லிவிட்டது.

பரிசோதனை

தோள்களிலிருந்து விரல் நுனிவரை, போர்த்திய சால்வை படிந்திருக்கும் பகுதியைப் போல, ஊசிக் குத்தும் சூடு குளிர்ச்சியும் மங்கியிருந்தன. அதே இடத்தில் பஞ்சால் தொட்டால் உணர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு விரல் மேலே தூக்கப்படுகிறதா கீழே இறக்கப்படுகிறதா என்பதையும் பெரும்பாலும் சரியாகச் சொன்னார். இடது கையின் சிறு தசைகள் மெலிந்திருந்தன. கால்களில் அனிச்சைத் துடிப்புகள் மிகுந்திருந்தன. இரு பாதங்களிலும் பாபின்ஸ்கி குறி, அதாவது உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி எழுவது, தெரிந்தது.

தொடுவுணர்வு எஞ்சியிருக்க வலியும் சூடும் மட்டும் கெடுவதற்கு உடற்கூறு சார்ந்த காரணம் இருக்கிறது. வலியையும் வெப்பத்தையும் கொண்டுவரும் நரம்பிழைகள் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும், அதன் மையத்தில் ஓடும் நுண்ணிய நடுக்குழாய்க்கு முன்புறமாகக் குறுக்கே கடந்து மறுபக்கம் சேர்ந்து மேலேறுகின்றன. தொடுவுணர்வின் பெரும்பகுதியும் மூட்டு நிலையுணர்வும் நுழைந்த பக்கத்திலேயே, தண்டுவடத்தின் பின்புறத்து நரம்பிழைக் கற்றைகளான பின்தூண்கள் வழியாக மூளையை நோக்கிச் செல்கின்றன. ஆகவே நடுக்குழாயிலிருந்து ஒன்று வெளிநோக்கி வீங்கினால் முதலில் நசுங்குவது குறுக்கே கடக்கும் இழைகள்தாம். எபென்டிமோமா பிறப்பது அந்த நடுக்குழாயின் உட்சுவரை மூடியிருக்கும் உயிரணுக்களிலிருந்து.

எம்ஆர்ஐ படத்தில் நான்காம் கழுத்தெலும்பு முதல் ஏழாம் கழுத்தெலும்பு வரை தண்டுவடத்தின் நடுவே, சாயப்பொருளை ஈர்த்து ஒளிரும் கட்டி ஒன்று தெரிந்தது. அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் நீர் தேங்கிய குழிவுகள் இருந்தன. கீழ்முனையில் பழைய இரத்தக் கசிவின் கறை தொப்பி போலப் படிந்திருந்தது. நடுவில் அமைந்திருப்பது, முனைகளில் நீர்க்குழிவு, இரத்தக் கறைத் தொப்பி ஆகிய மூன்றும் சேர்ந்தால் எபென்டிமோமா என்ற எண்ணம் வலுக்கும். பெரியவர்களுக்குத் தண்டுவடத்தின் உள்ளே வரும் கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவதும் இதுவே. அஸ்ட்ரோசைட்டோமா, ஹெமாஞ்சியோபிளாஸ்டோமா ஆகியவை அடுத்த நிலையில் வருபவை. மிகுதி என்றாலும் அது அரிய நோய்களுக்குள் மிகுதி என்றே பொருள்படும். பொது மருத்துவர் பலர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஒன்றைக்கூடக் காணாமல் போகலாம்.

அறுவைக்கு நாள் குறிக்கும் முன் நாங்கள் இன்னொன்றைச் செய்தோம். தண்டுவட அழற்சி நோய்கள் சிலவும் வீக்கமாகவும் ஒளிர்வாகவும் படத்தில் தோன்றிக் கட்டியோ என்று மயக்கும். அழற்சியுள்ள தண்டுவடத்தைப் பிளப்பது நோயாளிக்குச் செய்யும் பெருந்தீங்கு. ஆகவே மூளையையும் முழு முதுகையும் படமெடுத்து, தண்டுவடத்தையும் பார்வை நரம்பையும் தாக்கும் நியூரோமைலிடிஸ் ஆப்டிகா என்னும் அழற்சி நோய்க்கான எதிர்ப்பொருள் இரத்தத்தில் உள்ளதா என்றும் பார்த்தோம். அப்படி எதுவும் இல்லை. நியூரோபைப்ரோமாட்டோசிஸ் இரண்டாம் வகை என்னும் மரபுநோயில் எபென்டிமோமா வருவது உண்டு. அதற்குரிய செவிநரம்புக் கட்டிகளும் மூளைப் படத்தில் காணப்படவில்லை.

முடிவெடுத்த விதம்

தைப்பூசம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்பது குடும்பத்தாரின் கருத்து. அதற்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன. மெதுவாக வளரும் கட்டிதானே என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த நோயில் அறுவைக்குப் பிந்திய நிலையை எல்லாவற்றையும்விட உறுதியாக முன்னறிவிப்பது அறுவைக்கு முந்திய நிலைதான். நடந்து வருகிறவர் பெரும்பாலும் நடந்தே வீடு திரும்புவார்; சக்கர நாற்காலியில் வருகிறவரை எழுப்பி நடக்கவைக்க அறுவையால் அரிதாகவே இயலும். அழிந்த நரம்பிழைகளைக் கத்தி மீட்பதில்லை. மிஞ்சியிருப்பவற்றைக் காப்பது மட்டுமே அதனால் ஆவது. மோசமாகட்டும், பிறகு செய்யலாம் என்ற அறிவுரையை இந்தக் கட்டியைப் பொறுத்தவரை நான் ஏற்பதில்லை.

அவருக்கும் மகளுக்கும் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் ஒதுக்கி இதை விளக்கினேன். "கை பழையபடி வருமா, டாக்டர்?" என்று கேட்டார். "நடையைக் காப்பாற்ற முடியும் என்று நம்புகிறேன், அம்மா. கையைப் பற்றி உறுதி தர என்னால் முடியாது. அறுவை முடிந்து கண்விழிக்கும்போது இப்போது இருப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதில் எவ்வளவு திரும்பி வரும் என்பது மாதங்கள் போன பிறகே தெரியும்" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நடந்தால்தான் கடைக்குப் போக முடியும்" என்று மட்டும் சொன்னார். இரண்டு வாரங்களில் அறுவை என்று முடிவாயிற்று. வீக்கத்தைத் தணிக்கக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தால் சர்க்கரை ஏறியதால், அந்நாட்களில் இன்சுலின் தேவைப்பட்டது.

அறுவை

தண்டுவடத்தின் உள்ளே இருக்கும் கட்டியை எடுக்க முடியும் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆனது. 1887இல் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி எடுத்தது தண்டுவடத்துக்கு வெளியே இருந்து அதை அழுத்திய கட்டி. உட்கட்டியை 1907இல் வியன்னாவில் ஐசல்ஸ்பெர்க் அகற்றினார். நியூயார்க்கில் சார்லஸ் எல்ஸ்பெர்க், தண்டுவடத்தில் கீறல் மட்டும் இட்டுக் கட்டியைத் தொடாமல் விட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து மீண்டும் திறந்தபோது, கட்டி தானாகவே வெளியே பிதுங்கி வந்திருந்ததைக் கண்டு 1911இல் எழுதினார். இன்று யாரும் அப்படி இரண்டு முறையாகச் செய்வதில்லை. எனினும் அவர் கண்டதன் உட்பொருள் மாறவில்லை: இத்தகைய கட்டி தண்டுவடத்தைத் தின்று ஊடுருவுவதைவிட அதை ஒதுக்கித் தள்ளியே வளர்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு பிரிதளம் இருக்கும். அதைக் கண்டுபிடித்து, அதை விட்டு விலகாமல் போவதுதான் இந்த அறுவையின் முழு வித்தை.

நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, தலையை மூன்று முனைப் பிடிகருவியில் பொருத்தினோம். தசை தளர்த்தும் மருந்தும் ஆவி மயக்க மருந்துகளும் நரம்புக் குறிப்பலைகளை மங்கச்செய்யும் என்பதால், மயக்க மருத்துவர் புரோபோபோல், ரெமிபென்டானில் என்னும் மருந்துகளைச் சிரை வழியாகவே செலுத்தினார். மூன்று வகை அலைகளைக் கண்காணித்தோம்: கைகால்களிலிருந்து மூளைக்குச் செல்லும் உணர்வலை, மூளையைத் தூண்டித் தசைகளில் பெறும் இயக்க அலை, கட்டிக்குக் கீழே, தண்டுவடத்தைச் சூழ்ந்திருக்கும் டூரா உறையின் மேல் வைத்த மின்முனையால் தண்டுவடத்திலிருந்தே நேரடியாகப் பெறும் டி அலை.

நான்கு கழுத்தெலும்புகளின் பின்வளைவுகளை, முடிவில் திரும்பப் பொருத்தும் வகையில் பெயர்த்தெடுத்தோம். டூராவைத் திறக்குமுன் கேளாஒலிக் கருவியால் கட்டியின் இரு முனைகளையும் உறுதிசெய்துகொண்டோம். அடுத்தது, பின்தூண்கள் இரண்டுக்கும் இடையே உள்ள நடுக்கோட்டைக் கண்டறிவது. பாடநூல் படத்தில் அது ஒரு நேர்கோடு. வீங்கி முறுக்கிக்கொண்ட தண்டுவடத்தில் அது எங்கோ ஒதுங்கியிருக்கும். இருபுறமும் நரம்பு வேர்கள் நுழையும் இடங்களுக்கு நடுப்புள்ளி எது, நுண்சிரைகள் எங்கே கூடி உள்ளே இறங்குகின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்து, அரை மணி நேரம் எதையும் வெட்டாமல் செலவிட்டோம். நடுக்கோட்டைத் தவறவிட்டுப் பின்தூணின் மேலேயே கீறினால் அந்தப் பக்கத்து நிலையுணர்வு அன்றோடு போய்விடும்.

கீறல் ஆழமானபோது இடப்பக்க உணர்வலை சரிந்தது. இந்த அறுவையில் இது வழக்கமாக நேர்வது, இதற்காக நிறுத்துவதில்லை. ஆனால் அறுவை அரங்கில் வழக்கம் என்று நாங்கள் கடந்து சென்ற, திரையில் சரிந்த அந்தக் கோடுதான் அவருடைய விரல்களின் கதி என்பதை இன்று வேறு கனத்துடன் உணர்கிறேன்.

சாம்பலும் சிவப்பும் கலந்த மென்மையான கட்டி வெளிப்பட்டது. அதில் ஒரு துண்டை உறையவைத்து உடனே பார்க்கும் உறைதுண்டு ஆய்வு எபென்டிமோமாவுக்குப் பொருந்துவதாகக் கூறியது. கேளாஒலி உறிஞ்சியால் நடுப்பகுதியைக் குறைத்து, நீர்க்குழிவு ஏற்கெனவே பிரிதளத்தைத் திறந்து வைத்திருக்கும் முனைகளிலிருந்து நடுநோக்கி வந்தோம். கடினமானது முன்புறம். முன் தண்டுவடத் தமனியின் சிறு கிளைகள் கட்டிக்கு இரத்தம் தருவது அங்கேதான். அவற்றைத் துண்டிக்கும்போது தாய்த் தமனிக்குச் சேதம் வந்தால் கால்கள் செயலிழந்துபோகும். கடைசி ஒரு சென்டிமீட்டர் எஞ்சியிருக்கையில் வலது காலின் இயக்க அலை மறைந்தது. டி அலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கருவிகளை எல்லாம் வெளியே எடுத்தோம். வெதுவெதுப்பான உப்புநீரை ஊற்றி, இரத்த அழுத்தத்தை உயர்த்தச் சொல்லிக் காத்திருந்தோம். டி அலை பாதிக்கு மேல் நிலைத்திருந்தால், இயக்க அலை மறைந்தாலும் வலுவிழப்பு தற்காலிகமானதாகவே இருக்கும் என்பது பல ஆண்டுகளாக உறுதிப்பட்டிருக்கும் அறிவு. அந்த அறிவு இல்லாத காலத்து அறுவை மருத்துவர், ஒன்று கட்டியை மீதிவைத்து மூடியிருப்பார், அல்லது துணிந்து தொடர்ந்து காலைப் போக்கியிருப்பார். இருபத்தைந்து நிமிடங்களில் டி அலை மீண்டது; இயக்க அலையும் ஓரளவு திரும்பியது. மிச்சத்தை எடுத்து முடித்தோம். மொத்தம் ஏழு மணி நேரம்.

திசு ஆய்வு முடிவு இரண்டாம் தர எபென்டிமோமா என்று வந்தது. பெருகும் வேகம் குறைவு. கட்டி முழுமையாக அகன்றிருந்ததால் கதிர்வீச்சு தரவில்லை.

அறுவைக்குப் பின்

கண்விழித்தபோது இடது கால் நன்றாக அசைந்தது; வலது கால் தளர்ந்திருந்தது, மூன்று வாரங்களில் தேறியது. சிறுநீர்க் குழாயை ஒன்பதாம் நாள் எடுத்தோம். இந்த அளவில் எல்லாம் எதிர்பார்த்தபடியே நடந்தது.

கைகளின் நிலை வேறு. கண்ணை மூடினால் விரல் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. நீட்டிய விரல்கள், அவர் அறியாமலேயே, புழுக்கள் நெளிவதைப் போல மெல்ல அசைந்தன. நான் முன்பே சொல்லியிருந்தேன் என்றாலும், சொல்லிக் கேட்பதும் நேரில் காண்பதும் ஒன்றாவதில்லை. "கை இருக்கிறது டாக்டர், என்னிடம் இல்லை" என்று அழுதார். அன்று இரவுப் பணியில் இருந்த தாதி ஒருவர் அவருடைய இரு கைகளையும் அவர் கண்ணில் படும்படி தலையணைமேல் எடுத்து வைத்தார். அதன் பிறகே அவர் உறங்கினார். மருந்துக் குறிப்பில் இடம்பெறாத அந்தச் செயலை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

தொழில்வழிச் சிகிச்சையாளர் அரிசி நிறைந்த பாத்திரத்தில் பொத்தான்களைத் தேடவைத்தார். கண்ணால் பார்த்துச் செய்துவிட்டு, பிறகு பாராமல் செய்யப் பழக்கினார். இருட்டில் கால் தள்ளாடும் என்பதால் வீட்டில் இரவு விளக்கு பொருத்தச் சொன்னோம். முன்கைகளில் எழுந்த எரிச்சல் வலிக்குப் பிரிகாபாலின் கொடுத்தோம். அந்த வலி இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

ஓராண்டு முடிவில், மெக்கார்மிக் அளவுகோலின்படி அவர் முதல் நிலையில் இருந்தார். தண்டுவட உட்கட்டி அறுவைகளின் முடிவை மதிப்பிட 1990 முதல் புழங்கிவரும் நான்கு நிலை அளவுகோல் அது. முதல் நிலை என்றால் நடை இயல்பு, குறைபாடு மிகச் சிறிது என்று பொருள். அறுவைக்கு முன் அவர் இரண்டாம் நிலையில் இருந்தார். ஆக, தாளில் அவர் முன்னேறியிருக்கிறார். அந்த ஆண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாலும், தன் காலாலேயே படியேறிப் போய்வந்ததாகச் சொன்னார். அது பொய்யான முன்னேற்றம் இல்லை.

ஆனால் பூவேலையில் இரண்டு வகை உண்டு என்பதை நான் அவரிடமிருந்துதான் அறிந்தேன். செவ்வந்தியை ஊசியில் கோப்பது ஒன்று. மல்லிகையை நூலில் தொடுப்பது மற்றொன்று. கோக்கும்போது கண் ஊசியின் முனையில் இருக்கும். கை கண்ணைப் பின்பற்றும். தொடுப்பது அப்படியில்லை. இரண்டிரண்டு பூவாக எதிரெதிரே வைத்து, விரலில் நூலைச் சுழற்றி முடிச்சிட்டு இறுக்கும் அந்த வேலையில் கண் வாடிக்கையாளரிடம் இருக்கும், வாய் விலை பேசிக்கொண்டிருக்கும்; எல்லாவற்றையும் விரல்களே பார்த்துக்கொள்ளும். நூலை ஓர் இழை கூடுதலாக இழுத்தால் காம்பு அறும், குறைத்தால் சரம் நழுவும். அந்த அளவைச் சொல்வது நிலையுணர்வும் தொடுவுணர்வும். பின்தூண்கள் சுமப்பதும் அவற்றைத்தான். கோப்பது அவருக்குத் திரும்பி வந்தது. தொடுப்பது வரவில்லை.

அறுவைக்கு முன் ஒரு முழம் தொடுக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று, பார்த்துத் தொடுத்தால் எப்படி, பாராமல் தொடுத்தால் எப்படி என்று நான் அளந்து வைத்திருக்க வேண்டும். செய்யவில்லை. காலின் வலுவைப் பூச்சியம் முதல் ஐந்து வரை தரம் பிரித்துக் குறித்தோம், சிறுநீரின் அளவை மில்லிலிட்டரில் குறித்தோம். அவர் எதைக் காப்பாற்றிக்கொள்ள வந்தாரோ அந்த வேலையைச் செய்துகாட்டச் சொல்லவில்லை. அளந்திருந்தால் கட்டியை வேறு விதமாக எடுத்திருப்போமா என்றால் இல்லை. பிரிதளமும் நடுக்கோடும் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் இருக்கும். ஆனால் எதை இழக்கப்போகிறார் என்பதை "கை குறையும்" என்ற பொதுச் சொல்லில் சொல்லாமல், "கோக்க வரும், தொடுக்க வராமல் போகலாம்" என்று சொல்லியிருக்க முடியும். கடையின் வேலைப்பங்கை அவரும் மகளும் முன்கூட்டியே யோசித்திருக்கலாம். மருத்துவமனைப் படுக்கையில் அந்த முதல் இரவின் அதிர்ச்சி ஓரளவேனும் குறைந்திருக்கும். இப்போது எங்கள் பிரிவில் கழுத்துத் தண்டுவட அறுவைக்கு வரும் ஒவ்வொருவரையும், அவரவர் கைவேலையைச் செய்துகாட்டச் சொல்லி, அறுவைக்கு முன்பே தொழில்வழிச் சிகிச்சையாளர் காணொளியாகப் பதிவுசெய்கிறார். தையல்காரர் கத்தரி பிடிப்பதும், தட்டச்சு செய்பவரின் விரலோட்டமும், ரொட்டி சானாய் வீசுபவரின் கைச்சுழற்சியும் அந்தப் பதிவுகளில் உள்ளன.

மூன்றாம் மாதத்திலும் அதன் பிறகு ஆண்டுதோறும் எடுத்த எம்ஆர்ஐ படங்களில் கட்டி மீண்டும் தோன்றவில்லை. மேல், கீழ் நீர்க்குழிவுகள் சுருங்கிவிட்டன. கழுத்து முன்னோக்கி வளைகிறதா என்று எக்ஸ்ரேயும் எடுத்து வருகிறோம்; வளைவில்லை. இந்தக் கட்டி பல ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடியது என்பதால் பத்தாண்டுகளுக்குக் குறையாமல் படமெடுப்பது தொடரும்.

கடையில் இப்போது மகள் தொடுக்கிறார். தாய் வெளிச்சமான மேசைவிளக்கின் கீழ் அமர்ந்து மாலை கோக்கிறார். சென்ற முறை வந்தபோது, மல்லிகையைத் தடித்த நூலில், கண்ணால் பார்த்துப் பார்த்து, ஒரு சாண் அளவுக்குத் தொடுத்துக் கொண்டுவந்து காட்டினார். முடிச்சுகள் சீராக இல்லை. இரண்டு இடங்களில் காம்பு அறுந்திருந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். நாற்பது நிமிடம் என்றார். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.